இரும்புக் காட்டெருது

திருவிழாக் கொடியேற்றத்தன்று அதிர்வேட்டு முழங்கி ஓய்ந்த பின், கோவில் முற்றத்தில் சற்று நேரம் ஒரு மணம் தங்கி நிற்கும். கந்தகமும் கரியும் கலந்த அந்த மணம் நம்மில் பலருக்குச் சிறுவயது நினைவுகளைக் கிளறிவிடும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது அந்தக் கருமருந்தின் பழைய கணக்கு. ஏறக்குறைய இதே கணக்கில் சேர்த்த மருந்தைப் பித்தளைத் தோட்டாக்களில் நிரப்பிக்கொண்டு, அமெரிக்க நாட்டின் மான்டானா மாநிலத்தில் ஃபோர்சைத் என்னும் சிற்றூருக்கு அருகே, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பல நூறு பேர் கூடுகிறார்கள். அவர்கள் படைவீரர்கள் அல்லர். வேட்டைக்கும் வரவில்லை. விளையாட வருகிறார்கள்.

அவர்கள் கையில் இருப்பவை 19ஆம் நூற்றாண்டுப் பாணியில் அமைந்த துப்பாக்கிகள். பெரும்பாலானவை பழைய அச்சை ஒட்டி நம் காலத்தில் புதிதாகச் செய்யப்பட்டவை. ஒரு தோட்டாவைச் சுட்டு முடித்தால், பின்பகுதியைத் திறந்து அடுத்ததைக் கையால் இட்டாக வேண்டும். இலக்குகளோ இரும்புத் தகடுகள். அருகில் இருப்பது 350 கஜத்தில். கோடியில் இருப்பது 805 கஜத்தில். அந்தக் கோடித் தகடு ஒரு விலங்கின் வடிவில் வெட்டப்பட்டது. திமிலும் தாடியும் கொண்டு, தலையைத் தாழ்த்தி நிற்கும் அமெரிக்கக் காட்டெருது. பைசன் என்று நம் பாடநூல்களில் படித்திருப்போம்.

துப்பாக்கியைக் கையால் தொட்டும் அறியாத எனக்கு இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். அந்த இரும்புக் காட்டெருதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் தொடரும் கேள்வி ஒன்று உண்டு. கொல்வதற்கென்று செய்யப்பட்ட கருவி விளையாட்டுப் பொருளாக மாறும்போது, அதன் பழைய வரலாறு அதைவிட்டு நீங்கிவிடுகிறதா? நீங்கவில்லையென்றால், அதைக் கையில் எடுத்து மகிழ்கிறவனின் மகிழ்ச்சி குற்றமற்றதுதானா?

முதலில் இந்த விளையாட்டை அதன் நியாயத்தோடு தெரிந்துகொள்வோம். தெரியாததைக் கண்டித்துப் பேசுவது மேடையில் நிற்பவர்களுக்கு எளிதில் வரும் குறை. என்னிடமும் அது உண்டு.

கருமருந்துத் துப்பாக்கியின் ஈயக்குண்டு கனமானது, மெதுவானது. ஏறத்தாழ 34 கிராம் எடையுள்ள அந்தக் குண்டு நொடிக்கு 400 மீட்டர் அளவு வேகத்தில் குழலைவிட்டுப் புறப்படுகிறது. இன்றைய படைத் துப்பாக்கிகளின் வேகத்தில் இது பாதியளவுகூட இல்லை. ஆகவே 1,000 கஜம் கடக்க அதற்கு மூன்று நொடிக்கு மேல் ஆகும். நேர்கோட்டில் அது போவதில்லை. இலக்குக்கு மேலே வானத்தை நோக்கிக் கிளம்பி, நாற்பதடிக்கு மேல் உயர்ந்து, வளைந்து இறங்குகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்றுகூட அதைப் பத்தடிக்கு மேல் ஒதுக்கித் தள்ளிவிடும். எனவே சுடுகிறவன் துப்பாக்கியைக் காட்டிலும் காற்றையே மிகுதியாகப் படிக்க வேண்டியவனாகிறான். புல் எந்தப் பக்கம் சாய்கிறது, கானல் எந்தத் திசையில் ஓடுகிறது, பள்ளத்தாக்கின் நடுவில் காற்று திரும்புகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பின்பக்கத்துப் பார்வைத் துளையை நூலளவு ஏற்றுகிறான், இறக்குகிறான். முன்பக்கத்தில் கொத்தனார் வைத்திருப்பது போன்ற சிறிய ரசமட்டம் ஒன்று இருக்கும். அதன் குமிழி நடுவில் நிற்க வேண்டும்.

குண்டை அவனே வார்க்கிறான். ஈயத்தில் சிறிது வெள்ளீயம் சேர்த்து உருக்கி, அச்சில் ஊற்றி, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து பூசுகிறான். எரிந்த கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் புகைத்துகளாகவும் கசடாகவும் எஞ்சுவதால், இரண்டு சூடுகளுக்கு இடையே குழல் வறண்டு இறுகிவிடும். அதற்காக ஒரு சிறு குழாயைப் பின்பகுதியில் வைத்து வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் பட்டுக் கசடு இளகும். குண்டு பாயும் பாதையில் மனிதன் தன் மூச்சை ஊதிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு கணம் மனம் குழம்பியது. அவர்களுக்கு அது வெறும் பழக்கம்.

விசையை இழுத்ததும் வெண்புகை எழுந்து அவன் கண்ணை மறைத்துவிடுகிறது. குண்டு எங்கே பட்டது என்பது பல வேளைகளில் அவனுக்கே தெரிவதில்லை. பக்கத்தில் தொலைநோக்கியோடு அமர்ந்திருக்கும் கூட்டாளிதான் சொல்ல வேண்டும். காற்றைக் கணித்துச் சொல்பவரும் அவரே. 805 கஜத்தில் உள்ள இரும்பைக் குண்டு தொட்டு, அந்த ஓசை திரும்பி வந்து காதில் விழ நான்கு நொடிகளுக்கு மேல் ஆகும். அந்த நான்கு நொடியும் எவரும் பேசுவதில்லை.

பரபரப்பையும் விரைவையும் விற்றுப் பிழைக்கும் இந்த நூற்றாண்டில், வெள்ளைத் தாடிக்காரர்களும் இளைஞர்களும் தந்தையரோடு வந்த பெண்மக்களும் வெயிலில் படுத்துக்கொண்டு, மெல்லச் செல்லும் ஒரு குண்டுக்காகக் காத்திருப்பதில் எனக்கு மதிப்பே உண்டாகிறது. பொறுமை, கவனம், கூட்டாளியின் சொல்லில் நம்பிக்கை, தன் தவற்றைக் காற்றின்மேல் போடாத நேர்மை ஆகிய பண்புகளை இவ்விளையாட்டு வளர்க்கிறது என்றால் நான் மறுக்கமாட்டேன்.

விளையாட்டுக்கு அறவாழ்வில் இடமுண்டா என்ற வினாவை நம் மரபில் முறையாக எடுத்துப் பேசியவர் புனித அக்குவினா தோமையார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல் உழைத்த மனத்துக்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு விளையாட்டில் கிடைக்கிறது என்பது அவர் கருத்து. விளையாடவே அறியாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பவனை அவர் குறைகூறவும் செய்கிறார். இதை விளக்க அவர் எடுத்தாளும் கதைதான் வியப்பானது. நற்செய்தியாளர் யோவான் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருப்பதைச் சிலர் கண்டு இடறல்பட்டார்களாம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அதை ஓயாமல் வளைத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று யோவான் கேட்க, முடியாது, ஒடிந்துவிடும் என்றான் அவன். மனமும் அப்படித்தான் என்பது கதையின் பொருள்.

இந்தக் கதையைத் தோமையாருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே யோவான் கசியான் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் வடிவத்தில் வருகிறவன் வேட்டைக்கோலம் பூண்டவன். யோவானோ அப்போது ஒரு கவுதாரியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது வில்லை மட்டுமே கவனித்தேன். இப்போது கவுதாரியை விட்டு என் கண் அகலவில்லை. வேட்டைக்காரன் கையில் வில். அந்த வில்லுக்கு இரையாகக்கூடிய பறவை அருளாளரின் கையில். விளையாட்டின் நியாயத்தை விளக்க நம் மரபு தேர்ந்துகொண்ட உவமை கொலைக்கருவி ஒன்றுதான். அந்தக் கருவியின் முன்னாலேயே உயிருள்ள பறவையும் வைக்கப்பட்டிருக்கிறது.

தோமையார் விளையாட்டுக்கு மூன்று வரம்புகள் வகுத்தார். தீங்கானதிலோ இழிவானதிலோ இன்பம் தேடலாகாது. மனத்தின் நிதானத்தை முற்றும் இழக்கலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். முதல் இரண்டிலும் ஃபோர்சைத்தின் துப்பாக்கிக்காரர்கள் எளிதாகத் தேறிவிடுவார்கள். நிதானம் இழந்தவனால் 805 கஜத்து இரும்பைத் தொடவே இயலாது. மூன்றாவது வரம்பில் வரும் இடம் என்ற சொல்தான் என்னை நிறுத்துகிறது. அதற்கு வருமுன் ஓர் ஆண்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இந்த விளையாட்டில் மிகுதியும் விரும்பப்படும் துப்பாக்கிகளுள் ஒன்று ஷார்ப்ஸ். அதன் புகழ்பெற்ற மாதிரிக்கு 1874 என்றே பெயர். அதே 1874ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, டெக்சஸின் வடக்குப் பகுதியில் அடோபி வால்ஸ் என்னும் வாணிப முகாமைக் கொமாஞ்சி, கயோவா, செயென் இனத்தவர் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் காட்டெருதுத் தோல் வேட்டைக்காரர்கள். தங்கள் உணவும் உடையும் கூடாரமுமாக இருந்த மந்தைகளை இவர்கள் அழித்துவருவதைக் கண்டே அம்மக்கள் திரண்டு வந்தார்கள். முற்றுகையின் மூன்றாம் நாள், தொலைவில் ஒரு மேட்டின்மேல் குதிரைகளில் சிலர் தோன்றினர். பில்லி டிக்சன் என்ற வேட்டைக்காரர் பிறரிடம் வாங்கிய பெரிய ஷார்ப்ஸால் குறிபார்த்துச் சுட்டார். சற்று நேரம் கழித்து அங்கே ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார். பின்னர் அளந்தபோது தூரம் 1,538 கஜம் என்றார்கள். டிக்சன் தம் திறமை என்று அதைப் பாராட்டிக்கொள்ளவில்லை. தற்செயலாகப் பட்டது என்றே சொன்னார். ஆனால் கதை நின்றுவிட்டது. இன்றும் அதைச் சொல்கிறவர்கள் கஜக்கணக்கைப் பிசகாமல் சொல்வார்கள். விழுந்தவர் யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

மூன்று மாதம் சென்றது. செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம் ஆகிய தூரங்களில் ஆளுக்குப் பதினைந்து சூடு. நடுவட்டத்துக்கு நான்கு புள்ளி. அயர்லாந்தியர் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகளோடு வந்தனர். அமெரிக்கரிடம் இருந்தவை பின்பகுதியில் தோட்டா இடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்த்தார்கள். அயர்லாந்து அணியின் மில்னர் ஒருமுறை நடுவட்டத்தைச் சரியாகத் துளைத்தார். ஆனால் அது அவருக்கு உரிய இலக்கு அன்று, பக்கத்து இலக்கு. புள்ளி சுழியம். கடைசிச் சூடு அமெரிக்க அணியின் ஜான் போடைனுடையது. சற்று முன்புதான் இஞ்சிபீர்ப் புட்டி ஒன்று உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார், நடுவட்டம். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. மில்னர் தம் இலக்கைச் சுட்டிருந்தால் வெற்றி அயர்லாந்துக்குப் போயிருக்கும். தோற்ற அணியின் தலைவர் மேஜர் லீச் அமெரிக்கருக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசாக அளித்தார்.

அதே ஆண்டில் நடந்த மூன்றாவது நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. அதில் துப்பாக்கி ஏதும் வெடிக்கவில்லை. காட்டெருதுகளை வீணாகக் கொல்வதைத் தடுக்கும் சட்டமுன்வரைவு ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திடாமல் வைத்திருந்தார். அது அப்படியே செத்துப்போனது.

ஆக, 1874 என்று பெயர் தாங்கிய துப்பாக்கியை இன்று தோளில் ஏந்துகிறவன் எந்தச் சூட்டுக்கு வாரிசு? போடைனின் கட்டுப்போட்ட கைக்கா, டிக்சனின் மேட்டுக்கா? கிரீட்மூருக்குத்தான் என்று சொல்ல அவன் விரும்புவான். நியாயமான விருப்பம்தான். ஆனால் கிரீட்மூரும் முழுமையாக மாசற்ற ஊற்று அன்று. உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் சரியாகச் சுடவில்லை என்ற கவலையால் 1871இல் தொடங்கிய சங்கமே அந்தத் திடலை உருவாக்கியது. இங்கிலாந்திலும் அதே கதை. பிரெஞ்சுப் படையெடுப்பை அஞ்சிய தொண்டர் படையினருக்காக 1860இல் விம்பிள்டனில் போட்டிகள் தொடங்கின. விக்டோரியா அரசி தொடக்கி வைத்தார். துப்பாக்கியை ஒரு தாங்கியில் பொருத்தி, 400 கஜ இலக்குக்கு நேராக ஏற்கெனவே குறிவைத்திருந்தார்கள். அரசியார் ஒரு பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு ஏறக்குறைய நடுவிலேயே பட்டது. போருக்கு முன்னோட்டமாக இருந்த ஒன்று போர் அதைக் கைவிட்ட பிறகே முழு விளையாட்டாயிற்று. பிரான்சில் 1884இல் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். அதன்பின் இருபது ஆண்டுகளில் படைகள் கருமருந்தைத் துறந்தன.

நம்முடைய மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு செய்தி உண்டு. புதிய ஏற்பாடு பாவத்தைக் குறிக்க வழங்கும் கிரேக்கச் சொல், வில்லாளர் வழக்கில் குறி தவறுதலைக் குறித்தது என்பது. நானும் பல தவக்காலங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு எளிதில் விளங்கும், சொல்பவருக்கும் வசதி. 1874இன் இரண்டு சூடுகளை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு அந்த உவமை எனக்குப் போதாததாகத் தோன்றுகிறது. மில்னர் உண்மையாகவே குறி தவறினார். விளைவு? நான்கு புள்ளி போயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் புன்னகையோடு அதை நினைவுகூர்கிறார்கள். டிக்சனின் குறி தவறவில்லை. மேட்டில் ஒரு மனிதர் சாய்ந்தார். நாம் செய்யும் தீமைகளில் பெரியவை குறி தவறியதால் நேர்பவையா? வைக்கக் கூடாத இலக்கை வைத்து, அதைத் தவறாமல் அடித்ததால் நேர்பவை எத்தனை!

தோல் வேட்டைக்காரர்களின் தொழில்முறையைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். அவர்கள் குதிரையேறி மந்தையைத் துரத்தவில்லை. காற்று தம் பக்கம் வீசுமாறு இடம் பார்த்து, சில நூறு கஜம் தள்ளிப் படுத்துக்கொண்டு, மந்தையை நடத்திச் செல்லும் பசுவை முதலில் சுடுவார்கள். அது விழுந்ததும் மற்றவை ஓடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வரும். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று அவற்றுக்குப் புரிவதில்லை. ஓசையும் புகையும் அவ்வளவு தொலைவில். ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்த இடத்திலிருந்தே டசன் கணக்கில் வீழ்த்துவார்கள். காற்றைப் படிக்கும் கண், துடிக்காத விரல், பொறுமை என்று நான் மேலே புகழ்ந்த பண்புகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றும் குறையவில்லை. 1871ஐ ஒட்டித் தோலைத் தொழிற்சாலைத் தோலாகப் பதனிடும் முறை கைகூடியதும் விலை கிடைத்தது. தோல் மட்டும் உரிக்கப்பட்டது. இறைச்சி வெளியில் அழுகியது. பின்னாளில் எலும்புகளையும் பொறுக்கி உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் ரயிலேற்றினார்கள். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருதுகள், ஹார்னடே என்பவர் 1889இல் கணக்கெடுத்து எழுதியபோது கண்டம் முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரத்து நூறு.

நற்பண்புகள் தாமாகவே நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையை இந்த வரலாறு எனக்குள் அசைத்துவிட்டது. அறநூல்கள் இதை அறியாதவை அல்ல. விவேகத்தைத் தலைமைப் பண்பாக வைத்ததே இதற்காகத்தான். ஆனால் பாடமாகப் படிப்பது வேறு, ஒரு புல்வெளி நிறைய உடல்களாகக் காண்பது வேறு.

தொலைவு என்பதைப் பற்றியும் ஒரு சொல். 1139இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம் குறுக்குவில்லாளர், வில்லாளர் ஆகியோரின் கொலைத்தொழிலைச் சாபத்தண்டனை விதித்துத் தடை செய்தது. எட்ட நின்று கொல்வதில் ஏதோ தனிக் கேடு உண்டென்று அன்றைய ஆயர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும் என நான் எண்ணிக்கொள்வதுண்டு. ஆனால் அந்தத் தடையின் வாசகம், கிறிஸ்தவர்களுக்கு எதிராக அதைப் பயன்படுத்துவதை மட்டுமே சுட்டியது. மற்றவர்கள்? சட்டம் பேசாமல் விட்ட அந்த மற்றவர்களுள் ஒருவரே எழுநூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து டெக்சஸ் மேட்டில் குதிரையிலிருந்து விழுந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

துப்பாக்கி என்ன செய்யும், எல்லாம் பிடிக்கிறவன் கையில் இருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. இதே ஷார்ப்ஸ் துப்பாக்கிகளை அடிமைமுறையை எதிர்த்தவர்கள் 1856ஐ ஒட்டிக் கான்சாஸ் குடியேறிகளுக்கு அனுப்பினார்கள். புரூக்ளின் மறைப்பணியாளர் ஹென்றி வார்டு பீச்சர் அதை ஆதரித்ததால் அவற்றுக்கு ‘பீச்சரின் விவிலியங்கள்’ என்ற பட்டப்பெயர் வந்தது. என் போன்றவருக்கு இது கூச்சம் தரும் பெயர். ஆயினும் அடிமைப்பட்டவரின் பக்கம் நின்றவரை வெறுமனே நகைத்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே கருவி, விடுதலைக்கும் அழிப்புக்கும் போனது. இருந்தாலும் கருவி ஒவ்வொன்றும் சில செயல்களை எளிதாக்குகிறது. எட்ட இருந்து, முகம் பாராமல், ஓடவும் விடாமல் வீழ்த்துவதை இது எளிதாக்கியது. விளையாட்டில் நான்கு நொடி மௌனத்தை இன்பமாக்குவதும் அதே தொலைவுதான்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். ஃபோர்சைத், எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் உள்ள ரோஸ்பட் மாவட்டத்தின் தலைநகர். கிழக்கே மைல்ஸ் சிட்டி. வடக்கு மந்தையின் இறுதி அழிப்பு 1881 முதல் 1883 வரை நடந்தபோது தோல் வேட்டைக்காரர்களின் சந்தையாக இருந்த ஊர் அது. அதே ரோஸ்பட் மாவட்டத்தின் தெற்கே வட செயென் மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. அதை ஒட்டிய ஆஷ்லாந்தில் 1884இல் உர்சுலா சபைக் கன்னியர் தொடங்கிய தூய லாப்ரே மறைப்பணித்தளம் இருக்கிறது. காட்டெருது முடிந்துபோன மறு ஆண்டு அது. பசித்த மக்களிடம் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நம் மறைப்பணி வரலாற்றைப் படிக்கும்போது நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த மண்ணில்தான் இரும்புக் காட்டெருது நிற்கிறது. போட்டிக்கு வைத்திருக்கும் பெயரிலும் ஒரு முரண் உண்டு. 1990இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் நாயகனான குவிக்லியின் பெயர் அது. கதையில் அவனை ஆஸ்திரேலியப் பண்ணையார் ஒருவர் கூலிக்கு அழைக்கிறார். அங்கே போனபின்தான், தொலைவிலிருந்து பழங்குடி மக்களைச் சுட்டு வீழ்த்தவே தன்னை வரவழைத்தார் என்பது தெரிகிறது. அவன் மறுக்கிறான், கதை முழுவதும் அந்த மறுப்பிலிருந்தே பிறக்கிறது. வைக்கக் கூடாத இலக்கை மறுத்த கற்பனை மனிதனின் பெயரால் ஆண்டுதோறும் கூடுகிறவர்கள், உண்மையில் மறுக்கப்படாத இலக்கின் உருவத்தைச் சுடுகிறார்கள்.

அவர்கள் தரப்பிலும் ஒரு வலுவான நியாயம் இருப்பதை மறைக்கலாகாது. விலங்கு வடிவ இரும்புத் தகடுகளைச் சுடும் வழக்கம் மெக்சிக்கோவிலிருந்து வந்தது. அங்கே விழாக்களில் உயிருள்ள விலங்குகளைத் தொலைவில் கட்டிவைத்துச் சுட்டுவந்தார்கள். பின்னர் அந்தக் கொடுமையை விட்டு, அவற்றின் இடத்தில் இரும்பு உருவங்களை நிறுத்தினார்கள். கருமருந்துத் துப்பாக்கிக்காரர்களின் இன்னொரு வகைப் போட்டியில் 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா என்று நிற்பவை அந்த மரபில் வந்தவை. இரும்பு அங்கே இரக்கத்தின் அடையாளம். கசியானின் கவுதாரியைப் போல, உயிர் ஒன்று தப்பிப் பிழைத்தது. அப்படியிருக்க, இரும்புக் காட்டெருதை மட்டும் நான் ஏன் வேறாகப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அது சரியான கேள்வியே.

என் பதில் இவ்வளவுதான். மெக்சிக்கோவில் உயிரை விட்டுவிடுவதற்காக இரும்பு வந்தது. மான்டானாவில் உயிர் தீர்ந்துபோன இடத்தில் இரும்பு வந்து நிற்கிறது. இரண்டும் ஒரே உருவந்தான், ஒரே ஓசைதான். வேறுபாடு பார்ப்பவனின் நினைவில் இருக்கிறது. நினைவு இல்லாதவனுக்கு வேறுபாடும் இல்லை.

அந்தத் தகட்டைப் பிடுங்கிப் போடச் சொல்ல எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு வெறும் வட்டத்தை வைத்தால் மறதி இன்னும் எளிதாகும். வட்டத்தைச் சுட்டவனுக்கு எந்த விலங்கும் நினைவுக்கு வரப்போவதில்லை. நான் வேண்டுவது வேறு. போட்டி தொடங்கும் காலையில் யாரேனும் ஒருவர், ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து வந்த ஒருவராக இருந்தால் மிக நன்று, இந்த ஆற்றங்கரையில் அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததைக் கால் மணி நேரம் எடுத்துச் சொல்லட்டும். பிறகு சுடட்டும். அதைக் கேட்டபின் இன்பம் குறைந்துவிடும் என்று ஒருவர் அஞ்சினால், அவர் தேடிவந்த இன்பம் எதைச் சார்ந்து நின்றது என்று நான் கேட்க விரும்புவேன். குறையாது என்றே நினைக்கிறேன். அவர்களுள் பலர் இந்த வரலாற்றை என்னைவிட நன்றாகப் படித்தவர்கள்.

நாமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியவர்கள் அல்லர். இங்கிலாந்தின் வெடிமருந்துக்கு வேண்டிய உப்பில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பீகாரிலிருந்து போனது. பழைய மாட்டுக்கொட்டில் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி அதை எடுத்தவர்கள் நம் நாட்டு ஏழைகள். கோவில் முற்றத்தில் நாம் முகர்ந்து மகிழும் அந்த மணத்துக்காக விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் கருகியவர்களின் செய்தி ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாளிதழில் வருகிறது. அடுத்த கொடியேற்றத்துக்கும் வேட்டுக்குச் சொல்லிவைத்துவிடுகிறோம். என் பங்கிலும் அப்படித்தான், நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.

மான்டானாவில் காட்டெருது மீண்டும் நடமாடுகிறது. எல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து 2012இல் வடகிழக்கே ஃபோர்ட் பெக் பழங்குடியினரின் நிலத்துக்கு ஒரு மந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். துப்பாக்கிக்காரர்களோ, போட்டி முடிந்த மாலையில், கூடாரங்களுக்கு வெளியே உட்கார்ந்து குழலைக் கழுவுகிறார்கள். எண்ணெய் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரவிலேயே இரும்பில் துருவை ஏற்றிவிடுமாதலால், களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் வைப்பதில்லை. வெந்நீரை ஊற்றி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுக்கிறார்கள். முதல் துணி மை போல வருகிறது. அடுத்ததும் அப்படியே. வெள்ளையாக ஒரு துணி வெளியே வரும்வரை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.